வலது பக்கத்து ஊசி

மானாம்பதிக்குப் போகிற வழியில் இருக்கும் அந்தக் காலனிக்கு முதன்முதலாக ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டி வந்த அன்று, எல்லாரும் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். செங்கேணி மட்டும் போகவில்லை. தண்ணீர் பார்க்கிறவன் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நிலத்தில் நடந்தான். ஓரிடத்தில் தேங்காய் தானாக எழுந்து நின்றது. அது ஏன் நின்றது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். வாய் திறந்து கேட்க வெட்கம். அதனால் வரப்போரத்தில் நின்று உச்சிப்பொழுது வரை அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரை நாள் கூலி போனதுதான் மிச்சம்.

"எங்கமே போய்ட்ட?" என்று புருஷன் எல்லப்பன் கத்தினான். அவன் கல்குவாரியில் ஜல்லி உடைக்கிறவன்.

"அவன் கட்டவெரலால அமுக்கறான்யா. அதான் தேங்கா எழுந்துக்குது" என்றாள் செங்கேணி.

அவள் சுபாவமே அப்படி. மூணாவதோடு படிப்பு நின்றுபோனது. ஆனாலும் பஸ்ஸில் எழுதியிருப்பது, மருந்துச் சீட்டு, பொட்டலம் மடித்து வரும் காகிதம் எதுவானாலும் எழுத்துக் கூட்டிப் படிக்காமல் கீழே வைக்க மாட்டாள். பேச்சு கம்மி, பார்வை அதிகம்.

அப்படிப்பட்டவள் தன் வாழ்நாளில் பார்க்காமல் விட்ட ஒரு நாள் உண்டு. அது தொண்ணூற்றேழாம் வருஷம் புரட்டாசி மாதம். நடவு நேரம். அவள் மகள் பவளத்துக்கு அப்போது ஒன்றரை வயது. நடக்க ஆரம்பித்து, கோழியைத் துரத்துகிற பருவம்.

காஞ்சிபுரத்துப் பக்கம் ஒரு தர்ம டிரஸ்டின் ஆஸ்பத்திரி இருந்தது. அவர்கள் ரேஷன் கடை வாசலில் கேம்பு போட்டுக் குழந்தைகளுக்கு முத்தடுப்பு ஊசி போட்டார்கள். ஊசி போட்டுக்கொண்ட குழந்தைக்கு ஒரு பால் பவுடர் டப்பா இனாம் என்று ஆட்டோவில் மைக் வைத்துச் சொன்னார்கள். நடவுக்குப் போகிற பெண்கள் அன்றைக்கு மட்டம் போட முடியாது. ஒரு ஆள் குறைந்தால் செட்டே நின்றுவிடும். அதனால் பிள்ளைகளையும் ஊசிக் கார்டுகளையும் வீட்டில் இருக்கிற ஒருத்தியிடம் விட்டுவிட்டுப் போவதுதான் வழக்கம்.

அன்று வீட்டில் இருந்தவள் பக்கத்து வீட்டுச் சிட்டம்மாள். அவளால் குனிந்து நாற்று நட முடியாத நிலைமை. தன் மகள் ரேணுகாவுக்குப் பால் மறக்கடிக்க, குழந்தையைத் திருப்புலிவனத்தில் தன் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தாள். குழந்தை அங்கே, பால் இங்கே. மார் கட்டிக்கொண்டு கல் மாதிரி கனத்தது. ஆகவே பவளத்தையும் இன்னும் இரண்டு குழந்தைகளையும் கேம்புக்குத் தூக்கிப் போனவள் சிட்டம்மாள்தான்.

சாயங்காலம் சேற்றுக் காலோடு செங்கேணி வந்து பார்த்தபோது பவளத்துக்கு உடம்பு கொதித்தது. குப்புறப் போட்டு ஊசி போட்ட இடத்தைத் தேடினாள். இடது பக்கம் பஞ்சு ஒட்டியிருந்தது. வலது பக்கம் குங்குமம் வைத்த மாதிரி ஒரு புள்ளி.

"எந்தப் பக்கம்க்கா போட்டாங்கோ?"

"கூட்டத்துல யாரு கண்டா? ஊசி போட்டா காய்ச்சல் வர்றதுதான். காத்தால சரியாப் பூடும்" என்றாள் சிட்டம்மாள்.

காய்ச்சல் சரியாகத்தான் போனது. ஆனால் மூன்றாம் நாள் குழந்தையை இறக்கிவிட்டபோது வலது பாதம் தரையில் பதியவில்லை. துணி மாதிரி தொங்கியது.

அதற்கப்புறம் எத்தனையோ ஆஸ்பத்திரி. நரம்பு என்றார் ஒரு டாக்டர். ஊசியாலும் வரும், வேறு காய்ச்சலாலும் வரும் என்றார் இன்னொருவர். கடைசியில் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அன்வர் என்கிற வக்கீலிடம் போனார்கள். அரிசி மண்டி பீர் முகம்மதுவின் மகன். புதிதாக போர்டு மாட்டியவர். பாதி ஃபீஸுக்கு கேஸை எடுத்துக்கொண்டார்.

கேஸ் காஞ்சிபுரம் கோர்ட்டில் ஐந்து வருஷம் நடந்தது. டிரஸ்ட்காரர்கள் பதில் ஒன்றே ஒன்று. எங்கள் ரெஜிஸ்டரில் எந்தப் பக்கம் ஊசி போட்டோம் என்று எழுதியிருக்கிறது. பவளம் என்ற குழந்தைக்கு இடது பக்கம். பாதித்த கால் வலது. ஆகவே எங்கள் ஊசியால் வந்ததில்லை.

"வலது பக்கம் புள்ளி இருந்துச்சு சார். என் கண்ணால பாத்தேன். ஆனா பஞ்சு இடது பக்கம் இருந்துச்சு. அதான் எனுக்குப் புரியல" என்று செங்கேணி ஒவ்வொரு வாய்தாவுக்கும் சொல்வாள்.

"பஞ்சு நகரும்மா. அதை வெளிய சொல்லாதீங்க, குழப்புவாங்க" என்பார் அன்வர்.

"அந்த நோட்ட ஒரு தபா பாக்கலாமா சார்?"

"அது அவங்ககிட்ட இருக்கு. நமக்கு இந்த ஒரு வரி ஜெராக்ஸ்தான்."

அந்த ஒரு வரியை அவள் எத்தனை முறை படித்திருப்பாளோ. பவளம், த/பெ எல்லப்பன், இடது.

ஊரில் சும்மா விடவில்லை. கேஸ் போட்டதும் டிரஸ்ட் அந்தப் பக்கம் கேம்பு போடுவதை நிறுத்திவிட்டது. "பொய் கேசு போட்டு எங்க வாயில மண்ணப் போட்டா" என்று குழாயடியில் பேசினார்கள். செங்கேணி குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிடுவாள். அடுத்த குழந்தை பிறந்தபோது எல்லாத் தடுப்பூசியும் போட்டாள். ஆனால் யாரிடமும் பிள்ளையைக் கொடுத்தனுப்பவில்லை. நடவு போனாலும் போகட்டும் என்று தானே தூக்கிப் போனாள். ஊசி உள்ளே போய் வெளியே வருகிற வரைக்கும் கண் இமைக்காமல் பார்த்தாள். நர்சம்மாவே, "இன்னாம்மா, நீ போடுவ போல கீதே" என்று சிரித்தாள்.

எல்லா வாய்தாவுக்கும் துணைக்கு வந்தவள் சிட்டம்மாள் ஒருத்திதான். குழந்தையைத் தூக்கிப் போனவள் என்பதால் சாட்சிப் பட்டியலில் அவள் பேரும் இருந்தது. கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் கூலியை விட்டுவிட்டு வருவாள். பவளத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறுவாள். ஏழு வயசுப் பிள்ளையை என்னத்துக்குத் தூக்குகிறாய் என்றால், "அவ கம்பி வச்ச ஷூ கனமா கீதுமே" என்பாள்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம், ஒரு சனிக்கிழமை, உத்திரமேரூர் கோர்ட்டில் மக்கள் நீதிமன்றம் கூடியது. பேசித் தீர்க்கக்கூடிய கேஸ்களை அங்கே எடுத்தார்கள். காஞ்சிபுரத்திலிருந்து இவர்கள் கேஸும் அங்கே வந்தது. செங்கேணி, எல்லப்பன், பவளம், சிட்டம்மாள் நால்வரும் காலையிலேயே வந்துவிட்டார்கள். சிட்டம்மாள் புளிசோறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

உள்ளே நீண்ட மேஜை. நடுவில் ஜட்ஜ் ஐயா, அவர் பக்கத்தில் ரிடயர்டான லேடி டாக்டர் ஒருவர். எதிரில் ஆஸ்பத்திரி வக்கீலும், அன்று ஊசி போட்ட நர்ஸ் ஏஞ்சலும். தலை நரைக்க ஆரம்பித்த பெண்மணி. மடியில் கனமான ரெஜிஸ்டர் ஒன்று. ஜட்ஜ் கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

செங்கேணியின் கண் அந்த ரெஜிஸ்டரை விட்டு நகரவில்லை.

ஆஸ்பத்திரி வக்கீல் காகிதத்தைப் படித்தார். அறுபதாயிரம் ரூபாய் தருகிறார்கள். பவளம் பேரில் பாங்கில் போட்டு, பதினெட்டு வயசானதும் எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் வைத்தியச் செலவுக்கு வட்டியை எடுக்கலாம். எல்லப்பன் முகம் மலர்ந்தது. கடைசி வரிக்கு வந்தார். "குழந்தையின் வலது பக்கத்தில் ஊசி எதுவும் போடப்படவில்லை என்பதை மனுதாரர் ஒப்புக்கொள்கிறார். இத்தொகை கருணை அடிப்படையில் வழங்கப்படுகிறது."

அன்வர் மெதுவாகச் சொன்னார். "கேஸ் மேற்கொண்டு நடந்தா இதுவும் கிடைக்குமோ என்னமோம்மா. கையெழுத்துப் போட்டுடலாம்."

செங்கேணி தலையை ஆட்டினாள். மாட்டேன் என்று.

எல்லப்பன் அவள் காதருகே குனிந்தான். "பைத்தியமாமே ஒனுக்கு? ஒரு வரிக்கு ஓசரம் அறுபதாயிரத்த வுடுவியா? கொயந்தைக்குத்தானே?"

"வரியில்லய்யா அது. நான் பொய் சொன்னேன்னு நானே கையெயுத்துப் போடணுமா? நாளிக்கிப் பவளம் பெருசாகி படிக்கும் இத்த. எங்கம்மா பொய்க்காரின்னு நெனைக்கும்."

ஜட்ஜ் ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா சொல்றீங்க? சத்தமா சொல்லுங்க."

 இத்தனை பேர் முன்னால் அவள் பேசியதில்லை. முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, அந்த நோட்ட நான் ஒரு தபா பாக்கணும்" என்றாள்.

"அது பழைய ரெஜிஸ்டர் ஐயா, அந்த வரியோட நகல்தான் கொடுத்திருக்கோமே" என்றார் ஆஸ்பத்திரி வக்கீல்.

"அதனால என்ன, பார்க்கட்டும்" என்றார் ஜட்ஜ்.

நர்ஸ் ஏஞ்சல் பக்கத்தைத் திறந்து அவள் பக்கம் திருப்பி வைத்தாள். செங்கேணி விரலை வைத்து ஆரம்பித்தாள். ப, வ, ள, ம். இடது. அந்த வரியில் பெருவிரல் ரேகை. ரேகைக்குக் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு. அது சிட்டம்மாளின் கட்டைவிரல். அறுப்பில் அரிவாள் பட்ட தழும்பு. அவள்தானே குழந்தையைக் கொண்டுபோனாள். சரிதான்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எழுத்து கண்ணில் பட்டால் அவளால் நிறுத்த முடியாது. விரல் கீழே இறங்கியது. அடுத்த இரண்டு வரியிலும் அதே ரேகை, அவள் கூட்டிப்போன மற்ற இரண்டு பிள்ளைகள். அதற்குக் கீழே யார் யாரோ பேர், யார் யாரோ ரேகை. எல்லப்பன் இருமினான். ஆஸ்பத்திரி வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றோ பன்னிரண்டோ வரி தாண்டி விரல் நின்றது.

ரேணுகா, த/பெ ராஜாராம். வலது.

பக்கத்தில் அதே கட்டைவிரல். அதே வெள்ளைக் கோடு.

ராஜாராம் சிட்டம்மாளின் புருஷன். ரேணுகா அவள் மகள். ஆனால் ரேணுகா அன்று ஊரிலேயே இல்லை. அதில் செங்கேணிக்குச் சந்தேகமே கிடையாது. பால் வற்ற மார்மேல் மல்லிப்பூ வைத்துக் கட்ட வேண்டுமே, அதற்கு உத்திரமேரூரிலிருந்து இரண்டு முழம் வாங்கிவந்து கொடுத்தது அவள்தான். அந்தச் சாயங்காலம் காய்ச்சலோடு கிடந்த பிள்ளையை வாங்கப் போனபோது சிட்டம்மாள் வீடு முழுக்க அந்தப் பூ வாசனை. பிள்ளை அம்மா வீட்டில் இருக்கப் போய்த்தானே பூ.

இல்லாத குழந்தைக்கு ஊசி போட்டிருக்கிறது. அப்படியானால் அந்த ஊசி எங்கே போயிற்று?

இடது பக்கம் பஞ்சு. வலது பக்கம் புள்ளி.

"ஐயா, தண்ணி குடிச்சிட்டு வந்துர்றேன்" என்று எழுந்தாள்.

வெளியே, டைப் அடிக்கிறவர் கடை நிழலில் சிட்டம்மாள் உட்கார்ந்திருந்தாள். பவளம் அவள் மடியில் காலை நீட்டியிருந்தது. ஷூவின் வாரை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதா? கையெயுத்து வாங்கிட்டாங்களா?"

"பவளம், அப்பா உள்ள கீது, போய் பக்கத்துல குந்து." குழந்தை விந்தி விந்திப் போனதும் செங்கேணி கேட்டாள். "சிட்டக்கா, ரேணுகா பேரு நோட்டுல கீது."

சிட்டம்மாள் புளிசோத்துத் தூக்கை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"வலது பக்கம்னு கீது. உன் கைநாட்டு கீது."

"நீ எதுக்குமே அத்தெல்லாம் படிச்ச?" அவள் குரல் கிசுகிசுவென்று வந்தது. "எனுக்குத் தெரியும். நீ என்னிக்காவது படிப்பேன்னு எனுக்குத் தெரியும்."

"சொல்லு."

"பால் மறந்த கொயந்தைக்கு அங்க நீச்சத்தண்ணிதான் குடுக்கறாங்கன்னு சொல்லியனுப்பினாங்கோ. வெறும் பழைய சோத்துத் தண்ணி. ஒரு டப்பா கெடச்சா நல்லாருக்குமேன்னு... ரேணுகா கார்டு கைல இருந்துச்சு. கொயந்தையக் காட்னாத்தான் டப்பா. மத்த ரெண்டு கொயந்தையும் பெருசு, சொல்லிப்புடும். பவளத்துக்குப் பேச்சு வரல. சட்டைய மாத்தி, தலைல துணி கட்டி, திரும்ப வரிசைல நின்னேன். இடது பக்கம் பஞ்சு இருந்துச்சா, அதான், இந்தப் பக்கம் போடும்மா, அந்தப் பக்கம் கட்டி கீதுன்னு சொன்னேன். நாந்தான் சொன்னேன். ஊசிதானே, ரெண்டு போட்டா இன்னும் நல்லதுன்னு நெனச்சேன்மே. சத்தியமா."

பக்கத்தில் டைப் மிஷின் சடசடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"அதான் எல்லா வாய்தாவுக்கும் கூட வந்தியா?"

"இன்னா பண்ணச் சொல்ற? சொன்னா கேசு பூடும்னு பயம். சொல்லாட்டி நீ பொய்க்காரி ஆவற. ரெண்டுக்கும் நடுவுல நான் கெடந்து..." சிட்டம்மாள் மூக்கைச் சிந்தினாள். "உள்ள வந்து சொல்லட்டா? உள்ள தூக்கிப் போட்டுடுவாங்களா?"

"தெர்ல."

செங்கேணி திரும்பி நடந்தாள். வா என்று கூப்பிடவில்லை. வாசல்படி ஏறும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே அது யார் என்று தெரிந்தது.

மேஜை முன் போய் நின்று, ரெஜிஸ்டரில் இரண்டு இடத்திலும் விரலை வைத்தாள். "ஐயா, இதுவும் பவளம்தான். இதுவும் பவளம்தான்."

மற்றதைச் சிட்டம்மாள் சொன்னாள். பால் பவுடர் டப்பாவிலிருந்து பஞ்சு வரைக்கும் எதையும் விடவில்லை. சொல்லிவிட்டு, கைது செய்ய வருகிறவர்களுக்கு நீட்டுகிற மாதிரி இரண்டு கையையும் முன்னால் சேர்த்து வைத்துக்கொண்டாள். எல்லப்பன், "அடிப்பாவி" என்று எழுந்தான். அன்வர் அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"பார்த்தீங்களா ஐயா, தப்பு அவங்க பக்கம்" என்று ஆரம்பித்தார் ஆஸ்பத்திரி வக்கீல்.

செங்கேணி நர்ஸ் ஏஞ்சலைப் பார்த்தாள். திட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் இருந்தது. "ஏம்மா, கொயந்த மூஞ்சிய நீங்க பாக்க மாட்டீங்களா?"

நர்ஸ் ரெஜிஸ்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அன்னிக்கு நூத்தி நாப்பது குழந்தைங்க. ஒருத்தியா போட்டேன். குப்புறப் போட்டுக் குடுப்பாங்க. கார்டைப் பார்ப்பேன், இடத்தைப் பார்ப்பேன்." பிறகு, "பார்க்கலைம்மா" என்றாள்.

ஆஸ்பத்திரி வக்கீல் பேனாவை மூடினார். ஒரே குழந்தைக்கு ஒரே நாளில் இரண்டு ஊசி, போட்ட நர்ஸே முகத்தைப் பார்க்கவில்லை என்று சொல்லியாகிவிட்டது. இந்தக் கேஸ் மேற்கொண்டு நடக்காமல் இருப்பதுதான் தங்களுக்கு நல்லது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"ரெண்டாவது ஊசியாலதான் காலு பூட்சா டாக்டரம்மா?" என்று செங்கேணி கேட்டாள்.

லேடி டாக்டர் பவளத்தைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காலைத் தொட்டுப் பார்த்தார். "நரம்பு மேல ஊசி பட்டிருந்தா இப்படி ஆகும். படாமலும் வேற காரணத்தால ஆகலாம். ஆறு வருஷம் ஆச்சு. இப்ப யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. சொன்னா அது பொய்."

செங்கேணி அந்தப் பதிலை மெதுவாக வாங்கிக்கொண்டாள். தெரியாது என்று ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது.

அன்வர் தொகையை ஏற்றிக் கேட்டார். ஆஸ்பத்திரிக்காரர்கள், உங்கள் பக்கமும் தப்பு இருக்கிறதே என்றார்கள். அறுபதாயிரம் அப்படியே நின்றது. சிட்டம்மாளை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. "கையைக் கீழே போடும்மா" என்றார் ஜட்ஜ். கடைசி வரியை மட்டும் அடித்து நீக்கச் சொன்னார்.

"அடிச்சா பத்தாதுங்க. நோட்டுல கீற ரெண்டு பேரும் ஒரே கொயந்தைன்னு எயுதணும்" என்றாள் செங்கேணி.

எழுதினார்கள். "பதிவேட்டில் உள்ள இரு பதிவுகளும் இதே குழந்தைக்குரியவை, ஊசி இரு பக்கமும் போடப்பட்டது." டைப் அடித்து வந்த காகிதத்தை எழுத்துக் கூட்டி முழுக்கப் படித்துவிட்டு, நாலு எழுத்தையும் அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

பஸ் ஸ்டாண்டில் எல்லப்பன் அவர்களோடு நிற்கவில்லை. "அந்தப் பொம்பள ஏறுற வண்டில நான் ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, டீக்கடைக்குப் போய்விட்டான். சிட்டம்மாள் சோத்துத் தூக்கோடு தூரமாகப் பூக்கடை ஓரம் நின்றாள். புளிசோறு அப்படியே இருந்தது. பவளம் அம்மாவைப் பார்த்தது, பெரியம்மாவைப் பார்த்தது. பிறகு வழக்கம்போல ஷூவை இழுத்துக்கொண்டு போய் சிட்டம்மாள் புடவையைப் பிடித்துக்கொண்டது.

"பெரிம்மா, ஊசி போட்டப்போ நான் அயுதேனா?"

சிட்டம்மாள் குழந்தையைப் பார்க்கவில்லை. செங்கேணியைப் பார்த்தாள்.

தான் பார்க்காமல் விட்ட அந்த நாளைத்தான் செங்கேணியும் ஆறு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய், தூக்கை வாங்கிக் கீழே வைத்தாள். "சொல்லு" என்றாள். "வூட்லேர்ந்து தூக்கிக்கினு போனியே, அங்கேர்ந்து சொல்லு. எதையும் வுடாத."

"மொத ஊசிக்கு அயுவல. என் மூக்குத்தியப் புடிச்சி வெளயாண்டுக்கினு இருந்தா. ரெண்டாவதுக்குத்தான்..." சிட்டம்மாள் நிறுத்தினாள். "வீல்னு ஒரே கத்து. நிக்கவே இல்ல. டப்பாவ வாங்கிக்கினு ஓடியாந்தேன். தோள்ல போட்டேன், காக்கா காட்னேன். ஒண்ணும் நடக்கல. அப்பறம் பூவ அவுத்துட்டு பால் குடுத்தேன். குடிச்சிக்கினே தூங்கிட்டா."

மானாம்பதி பஸ் வந்து நின்றது. "அப்புறம்?" என்றாள் செங்கேணி.